அளவில்லாத பத்தியம்

சர்க்கரைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதலில் பறிபோவது சோறுதான். நெல்லைச் சீமையில் எந்த வார்டு வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "ஆச்சிக்குச் சோறு குடுத்திராதீய, ராத்திரிக்குச் சப்பாத்தி வாங்கியாங்க." காலையில் இட்லி போய்க் கோதுமை ரவை உப்புமா வருகிறது. இரவில் சப்பாத்தி, குருமா. பார்க்க வருகிறவர்கள் கையில் சீனி இல்லாத பிஸ்கட், ரஸ்க். காப்பியிலும் சீனி கிடையாது. இவ்வளவும் நடந்துவிட்டால் பத்தியம் நிறைவேறிவிட்டதாக நோயாளி நம்புகிறார், உறவினர் நம்புகிறார்கள், சமையலறை நம்புகிறது. சில வேளை மருத்துவரும் நம்பிவிடுகிறார்.

இந்த நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். அரிசியை எடுத்துவிட்டு அதே இடத்தில் கோதுமையை வைப்பதால் தட்டு நீரிழிவு உணவாக மாறிவிடாது. பெரும்பாலான வேளைகளில் அந்த மாற்றத்தால் சொல்லும்படியான பயன் இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு அது ஆபத்திலும் கொண்டுவிடலாம். படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டியது, வீட்டுக்குப் போனபின் எதைச் சாப்பிடப்போகிறாரோ அந்தச் சோறே: அளந்து, ஊசியின் நேரத்தோடு சேர்த்து, பருப்பும் முட்டையும் காயும் கூட்டி.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடலாம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு கணக்கிட்டது. வயதுவந்தவர்களில் 11.4 விழுக்காடு, தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் மேலே நிற்கிறது. 21 நாடுகளில் 1,32,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு 2020-ல் ஒரு முடிவைச் சொன்னது: நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குள் நிறுத்திக்கொள்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல், அந்தக் கூடுதல் தெற்காசியாவில்தான் மிக அதிகம். சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி மையம் அளந்துபார்த்தபோது பொன்னி அரிசியின் கிளைசீமிக் குறியீடு, அதாவது உண்டபின் சர்க்கரை எப்படி ஏறும் என்று காட்டும் எண், 70-ஐத் தொட்டது. 70 என்றாலே உயர்ந்த வகை. ஆகவே தீட்டிய அரிசியைக் குவித்துச் சாப்பிடுவது கெடுதல். இதுவரை எனக்கும் எதிர்த்தரப்புக்கும் வழக்கில்லை.

வழக்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. ஆய்வுகள் குவியலைக் குற்றம் சொல்கின்றன. நம் வார்டுகளோ தானியத்துக்குத் தண்டனை கொடுக்கின்றன. குவியல் அப்படியே இருக்கிறது, வெள்ளையாக இருந்தது பழுப்பாக மாறியதோடு சரி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் விளங்கும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவில் 64 முதல் 69. அரிசி சோறாக வெந்தபின் நூறு கிராமுக்குச் சுமார் 28 கிராம். முப்பது கிராம் மாவில் தட்டிய சப்பாத்தி மூன்று சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்து ஏறக்குறைய 60 கிராம். இருநூறு கிராம் சோற்றில் இருப்பது 56. குருமாவில் மிதக்கும் உருளைக்கிழங்கைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். காலைப் பலகாரத்துக்கும் இதே கதைதான். ஓர் இட்லிக்குப் பன்னிரண்டு கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் மூன்று இட்லிக்கு 36. அறுபது கிராம் கோதுமை ரவையில் கிண்டிய உப்புமா 40-ஐத் தாண்டும். இட்லியில் உளுந்தாவது இருக்கிறது. உப்புமாவில் கடுகோடு தாளித்த நாலு உளுத்தம்பருப்பைத் தவிர என்ன இருக்கிறது?

கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பார்கள். உண்மை. முழுக்கோதுமை மாவில் நூறு கிராமுக்குப் பதினொரு கிராம் வரை நார் உண்டு. தீட்டிய அரிசியில் மூன்றுகூடத் தேறாது. புரதமும் இரண்டு மூன்று கிராம் அதிகம். சோற்றோடு ஒப்பிட்டால் சப்பாத்தி சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகம் சற்று மட்டுப்படவும் செய்யலாம். ஆனால் அந்த நாரை ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலும் ஒரு கை முருங்கைக்கீரையும் தந்துவிடும். சலித்த மாவில் செய்த சப்பாத்தியில் அந்த நாரும் பாதி காணாமல் போயிருக்கும். ராத்திரி எட்டரை மணிக்குத் துணைக்கு இருப்பவர் தெருமுனைக் கடைக்குப் போய், சப்பாத்தி தீர்ந்துவிட்டது என்று நாலு புரோட்டா கட்டிக்கொண்டு வந்தால் அது முழு மைதா. 'சோறு இல்லையே' என்ற நிம்மதியில் அதுவும் நோயாளியின் வயிற்றுக்குள் போகிறது.

இது வெறும் கணக்குதானே, ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: இதே ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் குழு நாடு முழுவதும் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டது. இந்தியர்கள் சராசரியாகத் தங்கள் ஆற்றலில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தபோதுதான் குறைந்தது. அரிசிக்கு எதிரான சாட்சியாக எந்தக் குழுவின் எண்களைக் காட்டுகிறார்களோ, அதே குழுதான் தானிய மாற்றம் போதாது என்றும் சொல்கிறது.

கோதுமை என்ற பெயருக்கே நோய் தீர்க்கும் சக்தி உண்டென்றால் திருநெல்வேலிக்காரர்களுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் கிண்டுகிற அல்வா கோதுமைப் பாலில்தானே ஆகிறது! சீனியும் நெய்யும் சேர்ந்ததால் அது அல்வா என்று உடனே பதில் வரும். அப்படியானால் பண்டத்தின் பெயரைவிட அதில் சேர்ந்திருப்பதும் அதன் அளவும்தான் முக்கியம் என்று ஒப்புக்கொண்டாயிற்று.

இதே பெயர் மயக்கம் வேறு பண்டங்களிலும் இருக்கிறது. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் மாவு குழைந்து சீக்கிரம் செரித்துவிடும். டம்ளர் டம்ளராகக் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும். அது ராகி என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு மணமும் ருசியும் தனி. அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள். சீனி இல்லாத பிஸ்கட்டில் மைதா இருக்கிறது. பழைய சோற்றை மருந்தாகவே கொண்டாடும் புதிய கூட்டமும் இதில் சேர்த்தி. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும் என்பது சரி. அதற்காகச் சட்டி நிறையச் சாப்பிட்டால் கொஞ்சத்தின் பலன் எங்கே தெரியும்?

மருத்துவமனைக்கு உள்ளே வந்தால் விவகாரம் இன்னும் தீவிரமாகிறது. வீட்டில் இருப்பவர் தவறாகச் சாப்பிட்டால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கெடும். வார்டில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் நேரத்துக்குச் சாப்பிடாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே மயங்கிவிழலாம். சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். ஏழு மணிக்கு ஊசி போட்டாயிற்று, தள்ளுவண்டி எட்டரைக்குத்தான் அந்தக் கட்டிலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் பிடிக்காத உப்புமா. எழுபது வருஷமாக இட்லி தின்ற வாய். இரண்டு வாய் தின்றுவிட்டு ஆச்சி தட்டை ஒதுக்கிவிடுகிறார். ஊசியோ முழு அளவில் உள்ளே போயாயிற்று. வேர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும். அப்போது குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள். சோற்றை விலக்கிச் சாதித்தது இதுதானா?

மருத்துவமனையில் இருக்கும் நீரிழிவு நோயாளிக்குப் பொதுவாக 140-க்கும் 180-க்கும் இடையில் சர்க்கரையை வைத்திருப்பது நோக்கம். அதற்கு ஒவ்வொரு வேளையும் ஏறக்குறைய ஒரே அளவு மாவுச்சத்து, ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். அதற்கேற்ப ஊசியின் அளவைத் தீர்மானிக்கலாம். நோயாளி விரும்பிச் சாப்பிடும் உணவாக இருந்தால்தான் அந்த அளவு நிச்சயமாகும். பிடிக்காத உணவு ஒரு நாள் பாதி இறங்கும், மறுநாள் கால்வாசி இறங்கும். மாத்திரையையும் ஊசியையும் எதை நம்பிக் கணக்கிடுவது?

நம் வார்டுப் பத்தியத்தின் வயது நூறைத் தாண்டிவிட்டது. இன்சுலினுக்கு முன்பு அமெரிக்காவில் ஃபிரடரிக் ஆலன் போன்ற மருத்துவர்கள் நோயாளியைப் பட்டினி போட்டுத்தான் உயிரைச் சில காலம் நீட்டினார்கள். அன்று வேறு வழியில்லை. 1922 ஜனவரி 11 அன்று டொரோன்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டதோடு கேள்வியே மாறிவிட்டது. எதை விலக்குவது என்பது பின்னுக்குப் போய், எவ்வளவு உணவுக்கு எவ்வளவு மருந்து என்பது முன்னுக்கு வந்தது. எல்லாருக்கும் பொதுவான ஒரே நீரிழிவு உணவுப் பட்டியலை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1994-லேயே கைவிட்டது. இனிப்பை மட்டும் நீக்கி எழுதும் உணவு முறைகள் மருத்துவமனைக்குப் பொருந்தாது என்றும் பின்னர் சொல்லிவிட்டது. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிற பாளையங்கோட்டைக்குப் பத்தியம் புதிதில்லை. நோய் என்றால் எதையாவது விட வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. விடுவதற்கு வசதியாகச் சோறு கிடைத்தது, விட்டாயிற்று. நல்ல பத்தியத்தில் அளவும் காலமும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

இன்னொரு கேடு வெளியே தெரிவதில்லை. நீரிழிவுக்காரர் ஆஸ்பத்திரியில் படுப்பது பெரும்பாலும் சர்க்கரைக்காக மட்டும் அல்ல. காலில் ஆறாத புண், காசநோய், நிமோனியா, அறுவை சிகிச்சை என்று கூடவே ஒன்று இருக்கும். புண் ஆறப் புரதம் வேண்டும். ஆறாத காயம் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படலாம். அறுபது கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். முப்பது கிராம் துவரம்பருப்பில் ஆறேழு கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறு. நூறு கிராம் சாளை மீனில் பதினெட்டுக்குக் குறையாது. உப்புமா, சப்பாத்தி, ரஸ்க், சீனியில்லாக் காப்பி என்று ஓடும் பட்டியலில் இந்தக் கணக்கு எங்கே நிறைவேறும்? எதை நீக்கினோம் என்று மார்தட்டும் பத்தியம், எதைச் சேர்த்தோம் என்று கேட்டால் வாயடைத்துப்போகிறது. சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதத்திலும் உப்பிலும் வேறு கணக்கு உண்டு; அதைச் சிறுநீரக மருத்துவர்தான் எழுத வேண்டும். அங்கேயும் கோதுமைக்குத் தனிச்சலுகை ஏதும் இல்லை.

சோறு உண்ணும் நாடுகள் என்ன செய்கின்றன? திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே 1965-ல் ஜப்பானிய நீரிழிவுச் சங்கம் உணவு மாற்றுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 80 கலோரி ஓர் அலகு. சோறும் மீனும் சோயாவும் அந்த அலகுகளில் அளக்கப்பட்டன. அங்கே நோயாளியின் கிண்ணத்திலிருந்து சோறு போகவில்லை, சோற்றுக்கு எடை வந்தது. நம்மிடமும் இந்தச் சிந்தனை இருந்தது. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனிப்பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன், நம் மக்களின் உணவை ஒட்டி, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு முறையையே தம் நோயாளிகளுக்கு வகுத்துக்கொடுத்தார். இதைவிட வினோதம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் சோறும் பழமுமே முக்கிய உணவாகக் கொடுத்துச் சிறுநீரக நோயாளிகளையும் ரத்தக்கொதிப்புக்காரர்களையும் கவனித்தது. அவர்களில் நீரிழிவும் இருந்தவர்கள் பலருக்குச் சர்க்கரை இறங்கியதாக 1958-ல் எழுதினார். அந்த உணவு முறை மிகக் கடுமையானது, எடை வெகுவாகக் குறைந்தது, யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. சோறு பட்டதுமே சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகும் என்ற அச்சம் பொய் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

எதிர்த்தரப்பின் கடைசிக் கோட்டை நடைமுறை. "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் சோற்றுக்கு அனுமதி கொடுத்தால் நம் ஆட்கள் மலையாகக் குவிப்பார்கள். சப்பாத்தி என்றால் மூன்றோடு நின்றுவிடுவார்கள். தடை போடுவது எளிது." அனுபவமுள்ள மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள், தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. சப்பாத்தியின் ஒரே உண்மையான பலம் இதுதான்: அதை எண்ணலாம். ஆனால் இந்தத் தடை எத்தனை நாள் நிற்கும்? ஆஸ்பத்திரி வாசலில் இருந்து புதிய பஸ் ஸ்டாண்டு வரை நிற்கும். முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றிப் பிழைக்கும் பெண் வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏறுவது ரேஷன் அரிசிதான். அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அது விலையில்லாமல் கிடைக்கிறது. மூன்று வேளையும் மாவு பிசைந்து தட்டிச் சுட அவருக்கு நேரமும் இல்லை, மாவு வாங்கக் காசும் இல்லை. கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளையும் பள்ளத்தாக்கு இது. 1937 முதல் அம்பாசமுத்திரத்தில் நெல்லுக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-ல் அங்கிருந்து வந்த அம்பை 16 இன்றும் இந்தப் பக்கத்து உலைகளில் கொதிக்கிறது. இங்கே ஒருத்தியிடம் சோற்றை விடு என்று சொன்னால் பத்து நாள் விடுவாள், பதினோராம் நாள் பழைய அளவிலேயே தின்பாள். எவ்வளவு தின்னலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே.

எண்ண முடிவதுதான் சப்பாத்தியின் பலம் என்றால் சோற்றையும் அளக்கலாம். 168 மில்லி கொள்ளும் ஆழாக்கு நம் வீடுகளுக்குப் புதிய பாத்திரம் இல்லை. அரை ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 70 கிராம். வெந்தால் இருநூறு கிராம் சோறு. ஆள், வேலை, மருந்து பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இதைப் பள்ளிக்கூடம் போகாத ஆச்சியும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார், பார்த்துப் பழக இடம் மட்டும் இருந்தால். ஆஸ்பத்திரி வார்டைவிட அதற்குப் பொருத்தமான பள்ளிக்கூடம் எது? மூன்று வேளையும் தட்டு வருகிறது, சாப்பிட்டபின் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இவ்வளவு சோற்றுக்கு இவ்வளவு ஏறுகிறது என்பதை நோயாளி தன் விரல்நுனி ரத்தத்திலேயே பார்க்கலாம். அந்த வாய்ப்பைச் சப்பாத்தி கொடுத்துக் கெடுக்கிறோம்.

பெரிய சமையலறைக்கு இதெல்லாம் ஆகாது என்பதும் சாக்குத்தான். மருத்துவமனைச் சமையலுக்கு அரிசியும் பருப்பும் தலைக்கு இத்தனை கிராம் என்றுதான் எடுக்கிறார்கள். சரக்கறையில் இருக்கும் அளவு கரண்டிக்கு வரும்போது தொலைந்துபோகிறது. அளவு குறித்த கரண்டி ஒன்று, சோற்றுக்கென ஒரே கொள்ளளவில் கிண்ணங்கள்: இதற்கு மேல் செலவில்லை. தனியாகக் கோதுமைச் சமையல் என்று இரண்டாவது அடுப்பு மூட்டுவதைவிட இது மலிவு.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. நோயாளியின் சீட்டில் 'சர்க்கரை உணவு' என்று மொட்டையாக எழுதுவதை நிறுத்திவிட்டு, வேளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, நாளைக்கு எத்தனை கிராம் புரதம் என்று எழுத வேண்டும். தட்டு வரும் நேரம் உறுதியானபின் ஊசி போட வேண்டும். மிச்சம் வைத்துத் திரும்பும் தட்டைச் செவிலியர் பார்த்துக் குறிக்க வேண்டும். புழுங்கலரிசிச் சோறு அளவோடு, கெட்டியான பருப்பு, கீரை அல்லது வாழைத்தண்டு, சுண்டல், முட்டை அல்லது மீன், மோர் என்று தட்டு நிறைய வேண்டும். சப்பாத்தி பிடித்தவர்கள் தாராளமாகச் சப்பாத்தியே தின்னட்டும், அதுவும் எண்ணிக்கையோடு. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அச்சடித்த பட்டியலைக் கையில் திணிப்பதற்குப் பதில், சமைக்கிறவரைக் கூப்பிட்டு, அவர் வீட்டு ஆழாக்கில் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆற்றுத் தண்ணீர் குடித்து நெல்லு விளைவித்துச் சோறு தின்று வளர்ந்த ஊருக்கு, சோறே நோய் என்று சொல்லிக்கொடுத்து நாம் யாரையும் குணப்படுத்தப் போவதில்லை. அடுத்த முறை வார்டில் யாராவது 'இவருக்குச் சோறு கூடாது' என்றால், 'எவ்வளவு கூடும்?' என்று திருப்பிக் கேளுங்கள். கிராமில் பதில் சொல்ல முடியாதவருடைய பத்தியத்துக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை.